எனக்காக வைத்த கையெழுத்து

மாவடிப்பள்ளி வாய்க்காலின் கடைசியில் எனக்கு ஒன்றரை ஏக்கர் வயல். சிறுபோகத்துக்கு மேல்வயல்களில் விதைத்து முடிந்தும் என் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. முளைகட்டிய விதைநெல் சாக்கிலேயே புளிக்கத் தொடங்கியது. நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போனேன்.

கிளாக்கர் ஒரு கடுதாசியை எடுத்துப் போட்டார். "கடைவயல் செய்யல்ல, தண்ணி தேவையில்லண்டு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

கடுதாசி இங்கிலீஷில் இருந்தது. நாற்பதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவன் நான். இங்கிலீஷில் என் பெயரை மட்டும் கண்டுபிடிப்பேன். அது கீழே இருந்தது. அதற்கு முன்னால் ஒரு குட்டிச் சொல், மேலே, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை ஸைனுலாப்தீனின் கையெழுத்து.

விதைப்புக்கு முன் கந்தோரில் நடக்கும் கூட்டத்துக்கு வராதவர்களுக்காக விதானை கையெழுத்து வைப்பது எங்கள் பக்கத்து வழமை. இந்தமுறை கூட்டத்தன்று நான் அவருடைய வயலில்தான் வரம்பு கட்டிக்கொண்டு நின்றேன். "நீ வேலையப் பாரு கலந்தர், ஒனக்காக நான் போறன்" என்று சொன்னதும் அவர்தான்.

அந்தச் சொல்லைப் பார்த்தெழுதி, நிந்தவூரில் எனக்கு எழுத்துப் படிப்பித்த மஜீட் மாஸ்டரிடம் காட்டினேன்.

"ஃபோர். ஒனக்காக, ஒனக்குப் பதிலா. ஒனக்கு மருந்து வாங்கினாலும் இதான், ஒன்ட கையெழுத்த இன்னொருத்தன் வெச்சாலும் இதான்." தடித்த அகராதியைப் புரட்டினார். "ஆதியில முன்னுக்கு எண்டுதான் கருத்தாம்."

"ஓம் மாஸ்டர். என்ட தண்ணிக்கு முன்னுக்குத்தான் நிண்டிருக்காரு."

வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசடியில் விதானையைப் பிடித்தேன்.

"என்ன கலந்தர், முகம் சிவந்திருக்கு? படிக்கப் போன இடத்தில அடிச்சாங்களா?" என்று சிரித்தார்.

"எனக்காக என்னத்த எழுதினீங்க?"

"ஒன்ட நன்மைக்குத்தான்டாப்பா. கடைவயலுக்குத் தண்ணி போய்ச் சேராது. என்ட வயல்ல ஒனக்கு அறுவடை வரைக்கும் கூலி இருக்கே."

"நாளையிலருந்து உங்கட வரம்ப நீங்களே கட்டுங்க."

அவர் சிரிப்பை நிறுத்தினார். நான் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து, அந்தக் கடிதம் என்னுடையதல்ல, எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். விடிந்ததும் கந்தோருக்குக் கொண்டுபோனேன்.

கிளாக்கர் அதைத் தொடவே இல்லை. "தமிழில எழுதினா துரைக்கு விளங்காது. விதானைட்டக் குடு, ஒனக்காக அவர் இங்கிலீஷில எழுதித் தருவார்."

திரும்பிப் போய் விதைநெல் சாக்கைத் தோளில் தூக்கிவந்து கிளாக்கருடைய மேசைமேல் வைத்தேன். சாக்கிலிருந்து புளித்த நீர் அங்கே கிடந்த இங்கிலீஷ்க் கடுதாசிகளில் வடிந்தது.

"இதென்ன நாத்தம்? எடு இத" என்றார்.

சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். "துரை வந்து கேக்கட்டும். நானே சொல்றன்."