கட்டைவிரல் டார்ச்

கீச்சென்று கத்தியது உலோகம் தேடும் கருவி. மின் தகன நிலையத்து ஊழியர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். பிறகு வெள்ளைத் துணிக்கு மேலாக, அம்மாவின் கழுத்திலிருந்து மெதுவாகக் கீழே கொண்டுவந்தார். கோத்து வைத்திருந்த கைகளுக்கு நேரே வந்ததும் மறுபடி கத்தியது.

அம்மாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் ஏதும் வைத்திருந்தார்களா என்று மகளிடம் கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அம்மாவைக் கொண்டுபோனது கல்லீரல். இதயம் கடைசி மூச்சு வரை கல்லு மாதிரி இருந்தது.

ஊழியர் தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. பாட்டரி உள்ள எந்தச் சாமானும் உலைக்குள் போகக் கூடாது, சூட்டில் வெடித்தால் கதவே பெயர்ந்துவிடும், என்னவென்று பார்க்காமல் பொத்தானை அழுத்த மாட்டேன் என்றார். சரி, பாருங்கள் என்று மகள்தான் துணியை விலக்கினாள்.

அம்மாவின் விரல்களுக்கு அடியில் இருந்தது ஒரு டார்ச். கறுப்பு நிறம். ஒரு கட்டைவிரல் நீளம்தான்.

"இங்கேயுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன்.

கூடத்தில் இரண்டு மூன்று பேருக்குச் சிரிப்பு எட்டிப்பார்த்து, இடம் உணர்ந்து அடங்கியது. அம்மாவின் டார்ச் பைத்தியம் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்த விஷயம். பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குப் பல் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் டார்ச்சுகளைப் பரப்பி உட்கார்ந்துவிடுவாள். மரையைத் துடைப்பாள், கிரீஸ் தடவுவாள், போன் கேமராவைப் பார்த்து இது எவ்வளவு தூரம் அடிக்கும், எவ்வளவு நேரத்தில் சூடாகி ஒளி இறங்கும் என்று விலாவாரியாகப் பேசுவாள். எங்கெங்கோ இருக்கும் டார்ச் பிரியர்கள் அதைப் பார்ப்பார்கள்.

அப்பா மட்டும் பார்க்க மாட்டார். அச்சகத்தில் காகிதம் வெட்டும் வேலை முடித்து வந்து, அடுத்த அறையில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு உட்காருவார். சாப்பாட்டு நேரத்தில்தான் வாயைத் திறப்பார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிற மகராசி சாம்பாரில் பருப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் ஒரு டார்ச் வாங்கலாமே என்பார். டார்ச்சுகளுக்கு அவர் வைத்த பெயர் 'பங்காளிகள்'. வீட்டில் பாதி இடம் அவர்களுக்குத்தானாம். அம்மா சிரித்துவிடுவாள். மகளுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து, நீ பேசுவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துவிடும்?

ஆஸ்பத்திரியில் அதை அம்மாவிடமே கேட்டாள். "அவருக்கு இதுல ஆர்வம் இல்லடி, விடு" என்றாள் அம்மா. அந்த 'விடு' மகளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. காரியம் முடிந்ததும் டார்ச்சுகளை அள்ளித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தாள். விட்டால் அப்பா பழைய சாமான்காரனிடம் எடைக்குப் போட்டுவிடுவார்.

அம்மாவுக்கு உடை மாற்றியது அவள்தான். அப்போது கையில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அப்பா கொஞ்ச நேரம் தனியாக இருக்கணும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆக, இது அவர் வேலை.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ள பாட்டரி இருக்கும்ப்பா. சூட்டுல வெடிக்கும்னு அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பா? ஒரு தடவையாவது நீங்க காதுல வாங்கியிருந்தா இப்படி நடக்குமா?"



ஊழியர் டார்ச்சை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். எரியவில்லை. பட்டுப்போன சாமான், தூக்கி ஓரமாக வையுங்கள் என்றார் பெரிய மாமா. அப்போதுதான் சுவரோரமாக நின்ற ஒருவர் முன்னால் வந்தார்.

காலையிலிருந்தே அங்கே சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் அவர்களைத் தெரியவில்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு டார்ச் குத்தியிருந்தது. முன்னால் வந்தவர் பஸ் டிரைவர், சீருடையோடு வந்திருந்தார். வாசலில் மகளைப் பார்த்ததுமே கையைப் பிடித்துக்கொண்டு மேடத்தைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னவர் அவர்தான். பல் அச்சு எடுக்கிற வெள்ளை மாவை உள்ளே காலியான ஒரு உருண்டைக்குள் பூசி, அதற்குள் டார்ச்சை எரியவிட்டு, வெளிச்சத்தை அளக்கும் கருவியை மேடம் வீட்டிலேயே செய்தாராம். ஒரு கம்பெனி பெட்டியில் அச்சடித்திருந்த அளவு பொய் என்று அதை வைத்து நிரூபித்தாராம். கம்பெனிக்காரன் பெட்டியை மாற்றியதோடு, மேடத்தை விஞ்ஞானி என்று நினைத்து 'மதிப்புக்குரிய டாக்டர்' என்று பதில் எழுதினானாம். அதைக் கேட்டபோது மகளுக்கு அழுகைக்கு நடுவே நெஞ்சு நிமிர்ந்தது. இது எதுவும் அவளுக்கே தெரியாது.

டிரைவர் டார்ச்சை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தார். எடை குறைகிறதே என்றார். பின்மூடியைத் திருகி உள்ளங்கையில் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"பாட்டரி செல் இல்லை. யாரோ விஷயம் தெரிஞ்சவங்க எடுத்திருக்காங்க."

எல்லாரும் டார்ச்சுக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா சட்டைப் பைக்குள் கைவிட்டார். வெளியே வந்தது சின்ன பிளாஸ்டிக் டப்பா. செல்லைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் உரச விடாமல் வைக்கிற டப்பா. செல் அதற்குள் பத்திரமாக இருந்தது.

"தனியா எடுத்து வெச்சுட்டேன்" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

டிரைவர் தலையசைத்தார்.  அடுத்த அறையும் அந்தச் செய்தித்தாளும் மகளின் கண் முன்னால் வந்து நின்றன. அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது அந்தத் தாள் புரண்ட சத்தத்தை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஊழியர் தொண்டையைச் செருமினார். பாட்டரி இல்லாவிட்டாலும் அலுமினியம் உருகித் தளத்தில் ஒட்டிக்கொள்ளும், சாமான் உள்ளே போகக் கூடாது என்றார். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

"வாங்கி வெச்சுக்க மாப்ளே. எல்லாரும் காத்திருக்காங்க" என்றார் பெரிய மாமா.

அப்பா டிரைவரிடமிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் நகரவில்லை. கைக்குட்டையின் முனையால் மரையைச் சுற்றித் துடைத்தார். டப்பாவைத் திறந்து செல்லை எடுத்தார். முனை எந்தப் பக்கம் என்று பார்க்கக்கூட இல்லை, சரியாக உள்ளே விட்டார். மூடியை முதலில் பின்பக்கமாக லேசாகச் சுற்றி, மரை உட்கார்ந்ததும் முன்பக்கமாகத் திருகினார். அம்மாவும் அப்படித்தான் திருகுவாள். காகிதக் கட்டுகளைப் புரட்டிக் காய்த்துப்போன விரல்கள் அதை அத்தனை மெதுவாகச் செய்வதை மகள் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஒரு நிமிஷம்மா."

கூடத்து டியூப் லைட்டின் வெளிச்சத்தில் அம்மாவின் முகம் நீலம் பாரித்து, சாம்பல் பூசினாற்போல் இருந்தது. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அந்த முகத்தைத்தான் பார்த்தார்கள். அப்பா அம்மாவின் தலைமாட்டில் போய் நின்று, டார்ச்சை மேலே வெள்ளைக் கூரைக்கு நேராகப் பிடித்து அழுத்தினார்.

கட்டைவிரல் அளவு சாமானிலிருந்து அவ்வளவு வெளிச்சம் வரும் என்று அங்கே பாதிப் பேர் நினைத்திருக்க மாட்டார்கள். கூரை முழுக்கப் பரவி, கண் கூசாமல், மாலை வெயில் போல இறங்கியது. சுவரோரத்துக்காரர்கள் நிமிர்ந்து நின்றார்கள். டிரைவர் தொப்பியைக் கழற்றினார். ஊழியர் பொத்தான் பக்கமிருந்து ஓரடி விலகி நின்றார்.

அம்மாவின் நெற்றி, கன்னம், மூக்கோரத்து மச்சம், வெளிறியும் இன்னும் பழுப்பாகவே இருந்த உதடு எல்லாம் தெரிந்தன. டார்ச் சூடேறிக் கை சுட்டிருக்க வேண்டும். அப்பா கையை மாற்றவில்லை.

"அவகிட்ட இதைவிடத் தூரமா அடிக்கிறது நிறைய இருக்கு, மச்சான். ஆனா நிறத்துல பொய் சொல்லாதது இது ஒண்ணுதான்னு சொல்லுவா. கிட்ட வந்து நல்லாப் பாருங்க, என் வீட்டுக்காரியோட நிறம் இதுதான்."