ஏழு ஆண்களும் ஒரு வெப்பமானியும்

எங்கள் ஏரிக்கரைச் சவுனாவை, அடுப்புச் சூட்டில் அம்மணமாக உட்கார்ந்து வேர்க்கும் ஊர்ப் பொதுக் குளியலறையை, இழுத்து மூடுவதா வேண்டாமா என்று நகராட்சி மன்றம் வியாழக்கிழமை தீர்மானிக்க இருந்தது. மூடிவிட்டால் ஊரில் நாங்கள் எங்கே போய் வேர்ப்பது? மன்றத்தில் காட்ட மூன்று நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். கணினி வேலை வழக்கம்போல் என் தலையில் விழுந்தது.

சவுனா சங்கத் தலைவி ஓர்வொக்கி வேலைகளை அடுக்கினார். "மூலையில நம்ம சின்னம். கீழ ஏரித் தண்ணியோட குளிர் எவ்ளோன்னு எழுத்து. பெஞ்சுல அம்மணமா உக்காந்திருக்கற ஏழு ஆம்பளைங்களுக்கும் இடுப்புக்குக் கீழ மங்கலா ஒரு மறைப்பு. படம் அப்புறம் நகராட்சி இணையதளத்துக்குப் போகுது, வெளியூர்க்காரங்களும் பாப்பாங்க. ஒண்ணொண்ணா செய், இல்போ."

"ஒண்ணொண்ணா செஞ்சா ஒவ்வொரு தடவையும் படத்தோட தெளிவு தேயும். எல்லாத்தையும் ஒரே கட்டளையில கோத்துடலாம்."

மவுசைப் பிடித்து நகர்த்துகிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். கறுப்புத் திரையில் ஒன்பது வரிக்கு ஒரே கட்டளை அடித்தேன். இந்தத் துண்டை வெட்டு, மங்கலாக்கு, இன்ன இடத்தில் ஒட்டு, அதன்மேல் சின்னம், அதன்மேல் எழுத்து. ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. அப்புறம் எதற்குப் படத்தைப் பார்ப்பது? அப்படியே அனுப்பிவிட்டேன்.

மன்றத்தில் படம் ஓடியது. சின்னம் ஜம்மென்று இருந்தது. எழுத்தும் சரி. மங்கல் மறைப்பு மட்டும் சுவரில் தொங்கிய வெப்பமானியின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒட்டும் இடத்தின் குறுக்களவையும் கீழளவையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். பெஞ்சில் நாங்கள் ஏழு பேரும் பிறந்த மேனியாக, துல்லியமாக, எட்டடித் திரையில். நான் இடமிருந்து மூன்றாவது. உயிரே போய்விட்டது.

மன்றத் தலைவர் டார்மோ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நிறுத்துங்க. வெப்பமானிய எதுக்குய்யா மறைச்சிருக்கீங்க? உள்ள எத்தனை டிகிரி?"

ஓர்வொக்கி தரையைப் பார்த்தபடி சொன்னார். "அறுபத்தி மூணு."

எங்கள் அம்மணத்துக்குச் சுளிக்காத முகங்களெல்லாம் இப்போது சுளித்தன. பின்வரிசையில் ஓர் அம்மாள் வாய்விட்டே "அட பாவமே" என்றார்.

"எண்பதுகூட இல்லன்னா அது சவுனா இல்லம்மா, கோட்டு மாட்டற ரூமு!" என்றார் டார்மோ.

"அடுப்பு முப்பது வருஷப் பழசு. நாங்க என்ன பண்றது?" என்று கையை விரித்தார் ஓர்வொக்கி.

பத்தே நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. சவுனா மூடப்படாது, புது அடுப்பு உடனே வரும். எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

வாசலில் டார்மோவைப் பிடித்து, இணையதளத்தில் ஏற்றுவதற்குள் மறைப்பைச் சரியான இடத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றேன்.

"யோவ், அதுல கைய வைக்காத," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அறுபத்தி மூணுன்னு பக்கத்து ஊர்க்காரன் பாத்தா நம்ம மானம் என்னய்யா ஆகறது?"