ஐந்து என்று அடிக்க ஆள் இல்லை

சந்திரமோகன் சாருக்கு என்னை மிகவும் பிடிக்கும். பிடித்தவர்களை அவர் லேசில் விடமாட்டார் என்பதுதான் என் தலைவலி.

ஹைதராபாத்தில் அரசாங்கக் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் அவர் மேலாளர். நான் வேதா, அவருக்குக் கீழே என்ஜினீயர். கணவர் லட்சுமணனும் மகள் அலமுவும் திருச்சியில் இருந்தார்கள். நான் மல்காஜ்கிரியில் ஒரு வாடகை அறையில். 1983-ல் திருச்சிக் கல்லூரி ஒன்று எனக்கு வேலை கொடுத்தது. ஜூன் முதல் வாரத்துக்குள் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். சேர வேண்டுமென்றால் சார் என்னை விடுவிக்க வேண்டும்.

அதற்கு முன்பும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "என்னை ரிலீவ் பண்ண முடியுமா சார்?"

சாருடையது தாத்தா காலத்திலேயே சிகந்தராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். அவர் தமிழில் ஆமாமுக்கு 'ஹவ்', வேண்டாமுக்கு 'நக்கோ' என்று அந்த ஊர் உருது கலந்திருக்கும். "ஹவ், போகலாம்மா. யாரு வேணாங்கறா? ஆனா டேபிளை யாரு பாக்கறது? இப்ப அந்தப் பேச்சு நக்கோ" என்பார். அத்தோடு தேநீர் வரவழைப்பார்.

டேபிள் சங்கதி இதுதான். எங்கள் கணிப்பொறியில் பிரிண்டருக்கு ஒரு மின்சுற்று கார்டு, டிஸ்க்குக்கு ஒரு கார்டு என்று வரிசையாக ஸ்லாட்டுகளில் செருகியிருக்கும். எந்தக் கார்டு எந்த ஸ்லாட்டில் என்று தெரிந்தால்தான் அதை இயக்கும் டிரைவர் புரோகிராம் வேலை செய்யும். அந்த விவரத்தை நான் புரோகிராமுக்குள் ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில் எழுதி, மொத்த சிஸ்டத்தையும் மறுபடி தயாரித்து, டேப்பில் ஏற்றி அனுப்புவேன். எந்த ஊரில் எவன் ஒரு கார்டைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினாலும் எனக்கு டிரங்க் கால் வரும். டேபிளை வடிவமைத்தவளும் நான்தான். அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

"டேபிளே இல்லாமப் பண்ணிட்டா விடுவீங்களா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல்ல பண்ணிக் காட்டும்மா."

பண்ணினேன். மெஷினைப் போட்டதும் திரையில் கேள்வி வரும்: பிரிண்டர் எந்த ஸ்லாட்? ஆபரேட்டர் எண்ணை அடித்தால் போதும், டிரைவர் எடுத்துக்கொள்ளும். பச்சைக் குழந்தைகூடப் பதில் சொல்லும் என்று நினைத்தேன். முதல் டேப் பட்டான்செரு தொழிற்சாலை ஒன்றுக்குப் போனது. மறுநாள் அங்கிருந்து ஆபரேட்டர் துரைராஜின் போன்.

"மேடம், பிரிண்டர் எந்த ஸ்லாட்டுன்னு கேக்குது."

"எதுல செருகியிருக்கீங்க?"

"அஞ்சுல மேடம்."

"அப்ப அஞ்சுன்னு அடிங்க."

"நான் எப்பிடி மேடம் அடிக்கிறது? நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதானடா அடிச்சேன்னுவாங்க."

"உங்க ஆபீசரைக் கேளுங்க."

"கேட்டேன். அவரு உங்களைக் கேக்கச் சொன்னாரு."

எல்லா ஊரிலும் இதே கதைதான். முன்பு கார்டுக்கு ஒரு போன் வந்தது. இப்போது கேள்விக்கு ஒரு போன். விடுதலைக்கு வழி பண்ணுகிறேன் என்று எனக்கு நானே இன்னொரு பூட்டுப் போட்டுக்கொண்டேன். ஆத்திரத்தில் பட்டான்செருவுக்கே பஸ் ஏறினேன்.

அங்கே திரையில் அதே கேள்வி நின்றுகொண்டிருந்தது. துரைராஜ் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்தார். ஆபீசர் வந்தார், கேள்வியைப் பார்த்தார், ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் நகர்ந்தார். வாசலில் துரைராஜ் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்ட, நின்றபடியே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர்கள் பதில் சொல்லமாட்டார்கள், ஒப்புதல் மட்டும்தான் தருவார்கள்.

திரும்பி வந்து கேள்விகளையெல்லாம் வெட்டி எறிந்தேன். இனி டிரைவர் மனிதர்களைக் கேட்காது. ஒவ்வொரு ஸ்லாட்டாகக் கதவைத் தட்டும். கார்டு இருந்தால் பதில் வரும், காலி ஸ்லாட் பேசாது. கண்டுபிடித்ததைத் திரையில் காட்டும்: பிரிண்டர், ஸ்லாட் ஐந்து. அடியில் ஒரே வரி: ஒப்புதல் அளிப்பவர் பெயர். பட்டான்செரு ஆபீசர் தன் பெயரைப் பட்டங்களோடும் பதவியோடும் அடித்தாராம். என் போன் ஓய்ந்தது.

"டேபிள் இல்ல சார். இப்ப ரிலீவ் பண்ணுவீங்களா?"

"பாக்கலாம்மா. மேல ஒரு வார்த்தை கேக்கணும்" என்று சார் தேநீர் சொன்னார். அந்தத் தேநீரை அவர் தலையிலேயே கொட்டலாம் போலிருந்தது.

மே மாதம் கரைந்துகொண்டிருந்தது. வருகிறாயா இல்லையா என்று கல்லூரியிலிருந்து தந்தி வந்துவிட்டது. என் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே சோதனை மெஷின் யாரையும் எதுவும் கேட்காமல் தன்பாட்டுக்குக் கிளம்பியது. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. இத்தனை காலமும் நானும் சாரிடம் கேள்விதானே கேட்டுக்கொண்டிருந்தேன்?

ஒரு குறிப்பு அடித்தேன். வேதா இம்மாத இறுதியில் விடுவிக்கப்படுகிறார். அவர் பார்த்த வேலையைப் புதிய சிஸ்டம் பார்த்துக்கொள்ளும். அடியில் 'ஒப்புதல்' என்று போட்டு, கையெழுத்துக்கு ஒரு கோடு. மற்றக் காகிதங்களோடு சார் முன்னால் வைத்துவிட்டு நின்றேன்.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். ஓரிடத்தில் ஒரு கமா சேர்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"பாத்தியா, இது கரெக்ட்டு" என்றார். "இதை முன்னாடியே இப்பிடிப் போட்டிருக்கலாம்ல? சும்மா வந்து வந்து கேட்டுட்டிருந்தா நான் என்னம்மா சொல்றது?"

வெளியே வந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அலமுவுக்குப் பால்பல் எல்லாம் விழுந்து புதுப்பல் முளைத்திருந்தது. ஒன்றுகூட விழும்போது நான் பக்கத்தில் இல்லை.