இன்னும் நாற்பது நிமிடம்

கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கப் போன கணவரின் கையை அக்கா தட்டிவிட்டாள்.

"எல்லாரும் ஃபோட்டோ கேக்குறாங்க. பத்து மணிக்கு பாடி எடுக்கணும்," என்றார் அவர்.

"இன்னும் நாப்பது நிமிஷம்ங்க. அப்புறம் தரேன்."

கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். அவன் அறையில் கம்ப்யூட்டர் மட்டும் நேற்றிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அவன் படங்களெல்லாம் அதில்தான். அவன் போட்டுவிட்ட மெமரி சோதனை ஓடும்போது வேறெதையும் திறக்க முடியாது.

ரிப்பேர் கடையில் வேலை அவனுக்கு. அடுத்தவர் மெஷினை ஒழுங்காக்கித் தருபவன், தன் மெஷினை ஒருநாளும் நிம்மதியாக விட்டதில்லை. மெமரி எந்த வேகத்தில் நன்றாக ஓடுகிறதோ, அதற்கு ஒரு படி மேலே ஏற்றிவிடுவான். பிறகு அது தாங்குகிறதா என்று இருபத்துநாலு மணி நேரச் சோதனை. நடுவில் ஒரே ஒரு எரர் வந்தாலும் சோறு இறங்காது. மூன்று மாதமாக இதே கூத்து.

நேற்றுக் காலையும் நெஞ்சைத் தடவிக்கொண்டே சோதனையைத் தொடங்கினான்.

"டாக்டர்கிட்ட போலாம் வாடா."

"இது முடியட்டும்க்கா. நாளைக்குப் போலாம்."

"அது பாட்டுக்கு ஓடப்போகுது, நீ எதுக்குடா காவல்?"

சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். மத்தியானம் வந்து பார்த்தபோது நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தான்.

அந்த மெஷினைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனாலும் அதன் முன்னால் உட்கார்ந்து, நகரும் எண்களைப் பார்த்தாள். அத்தனை பிடிவாதம் பிடித்தானே, முடியட்டும்.

இருபத்துமூன்று மணி ஐம்பத்தொரு நிமிடத்தில் திரையில் ஒரு சிவப்பு வரி விழுந்தது. எரர், ஒன்று.

பின்னால் நின்ற கணவர் மெதுவாகக் கேட்டார். "இனி அணைச்சிடலாமா?"

தலையாட்டினாள். அணைத்து, மெமரியைப் பழைய வேகத்துக்கு இறக்கி, மறுபடி போட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்தே பழகியிருந்தது. நல்ல படமாக ஒன்றைத் தேடி அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

பிறகு கூடத்துக்குப் போய்த் தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டு, காதோரம் குனிந்தாள்.

"முடிஞ்சிடுச்சுடா. ஒரு எரர்கூட வரல."

அவள் அழட்டும் என்று பக்கத்திலிருந்தவர்கள் விலகி நின்றார்கள். அவள் அவனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.