கண்ணாடியைக் கழட்டச் சொல்ல வேண்டியவர்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கோளரங்கத்தில் விளக்கம் சொல்கிற வேலையில் இருந்த அந்த மனிதர் பிழைத்ததெல்லாம் வாயால்தான். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'கமென்ட்ரி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். மற்ற காட்சிகளுக்கு ஈ ஓட்டுவார்கள். 'சினிமாவும் கிரகணமும்' என்று அவர் நடத்துகிற காட்சிக்கு மட்டும் இடம் கிடைக்காது. படத்துண்டுகளைத் திரையில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திக் கிழிப்பார்.

"இதப் பாருங்க. முந்தின ராத்திரி பௌர்ணமி. கதாநாயகி நிலாவைப் பாத்துப் பாடுது. விடிஞ்சா சூரிய கிரகணம்! அமாவாசைக்குத்தானய்யா சூரிய கிரகணம் வரும்? அரை மாசத்தை ஒரே ராத்திரியில முழுங்கிட்டாரு டைரக்டர்."

கூட்டம் சிரிக்கும். அடுத்த துண்டு ஓடும்.

"இருட்டு வந்துடுச்சா? சண்டை நடக்குது, வில்லன் சாகிறான், அவங்கம்மா வந்து அழுதும் முடிச்சுட்டாங்க. இருட்டு இன்னும் போகல. நிஜத்துல முழு இருட்டு ரெண்டு மூணு நிமிஷம். வில்லனுக்கு வசனம் பேசவே பத்தாது!"

இவ்வளவு வாய் கிழியப் பேசுகிற ஆள் முழு சூரிய கிரகணத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அது எங்கேயோ கடலிலும் காட்டிலும் போய் விழும். அவ்வளவு தூரம் போக யாரால் முடியும்? புத்தகத்தில் படித்ததையும் படத்தில் பார்த்ததையும் வைத்துத்தான் காலம் ஓடியது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த வருஷம் நிலாவின் நிழல் அவருடைய ஊர் மேலேயே விழப்போகிறது என்று கணக்கு சொன்னது. அவரைவிடச் சந்தோஷப்பட்டது அவருடைய அக்கா.

அக்கா சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிற வேலை பார்த்தவள். தம்பியைச் சின்ன வயதில் படம் பார்க்க இழுத்துப் போனதே அவள்தான். இப்போது அவள் கண்ணின் விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் செத்துக்கொண்டு வருகிறது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல, நேராக இருப்பது மட்டும் தெரியும். அதுவும் எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது என டாக்டர் கையை விரித்துவிட்டார். வேலையையும் விட்டாயிற்று.

"சினிமால வர்ற கிரகணமெல்லாம் பொய்யி பொய்யின்னு சொல்றியே, மெய்யை ஒரு தடவை காட்டிடுடா தம்பி. அப்புறம் கண்ணு போனாலும் போகட்டும்" என்றாள்.

"வாயைக் கழுவுக்கா. நான் காட்டாம வேற யாரு காட்டுவா? முன் வரிசையில, என் பக்கத்துலயே உனக்கு நாற்காலி."

இதற்கிடையில் ஒரு படம் வந்து வசூலை அள்ளியது. அதில் கதாநாயகன் கிரகணச் சூரியனை வெறுங்கண்ணால் முறைத்துப் பார்த்துப் பெரிய சக்தியை வாங்கிக்கொள்கிறான். பார்த்த பிள்ளைகளெல்லாம் பட்டப்பகலில் சூரியனை முறைக்க ஆரம்பித்தன. கோளரங்க மேலாளர் ஓடிவந்தார்.

"எவனுக்காவது கண்ணு போச்சுன்னா நம்ம கதை முடிஞ்சது. பாத்துக்குங்க" என்றார் கமென்ட்ரியிடம்.

ஏற்பாடு சுலபமானது. மைதானத்துக்கு வருகிற எல்லாருக்கும் சூரியனைப் பார்க்கிற கறுப்புக் கண்ணாடி. சூரியன் கொஞ்சமாவது தெரிகிறவரை அதைப் போட்டே பார்க்க வேண்டும். முழுதும் மறைந்த பிறகு கண்ணாடி வழியே ஒன்றுமே தெரியாது, வெறும் கறுப்பு. அப்போதுதான் கழட்டி வெறுங்கண்ணால் பார்க்கலாம், ஆபத்தில்லை. மறுபடி வெளிச்சம் துளிர்த்ததும் உடனே போட்டுக்கொள்ள வேண்டும். 'கழட்டுங்க', 'போடுங்க' என்று இரண்டு உத்தரவு. இரண்டும் கமென்ட்ரி வாயிலிருந்துதான் வரும்.

"என் குரல் வராம ஒருத்தர் கையும் காதுப் பக்கம் போகக் கூடாது! சினிமா பாத்துட்டு யாராச்சும் வீரம் காட்டினீங்க, நானே வந்து கையைப் பிடிப்பேன்!" என்று மைக்கில் தொண்டை வற்றக் கத்தினார். வீட்டில் அக்காவுக்குத் தனியாக ஒத்திகை வேறு.

அன்றைக்கு மைதானம் நிறைந்துவிட்டது. சூரியனை நிலா ஓரத்தில் கடிக்க ஆரம்பித்ததிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை. நிழல்களின் ஓரங்கள் கத்திபோல் ஆயின. பறவைகள் குழம்பிப்போய் மரத்துக்குத் திரும்பின. அக்கா முகத்தை நிமிர்த்தி, இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி வெளிச்சத் துளி அணைந்தது. முழுதும் மறைந்துவிட்டதா என்று உறுதிசெய்ய அவர் முதலில் தன் கண்ணாடியைக் கழட்டினார். அதுதான் முறை. கழட்டிப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும்.

பார்த்தார். அம்மாடி! வானத்தில் கறுப்பாக ஒரு வட்டம். அதைச் சுற்றி வெள்ளை ஒளி, அவிழ்த்துவிட்ட நரைமுடிபோல் நாலாபக்கமும் நீண்டு கிடந்தது. அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. மைக் பிடித்த கை தானாகத் தொங்கிவிட்டது. "ஐயோ... ஐயோ..." என்று சின்னப்பிள்ளைபோல் முனகினார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது தெரியவில்லை. மைதானம் தெரியவில்லை, வேலை தெரியவில்லை, அக்கா தெரியவில்லை.

பின்னாலிருந்து யாரோ சில பேர் கூவினார்கள். சினிமாப் பைத்தியங்கள் கழட்டிவிட்டன போலிருக்கிறது என்று முன்வரிசைக்காரர்கள் இன்னும் இறுக்கமாகக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, உத்தரவுக்குக் காத்திருந்தார்கள்.

கறுப்பு வட்டத்தின் விளிம்பில் ஒரு பொட்டு வெளிச்சம் வெடித்தது. அவர் திடுக்கிட்டு மைக்கைத் தூக்கினார்.

"போடுங்க! எல்லாரும் கண்ணாடியைப் போடுங்க!"

நடுவிலிருந்து ஒரு ஆள் எழுந்தார்.

"எப்பய்யா கழட்டச் சொன்னீங்க?"

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? பிள்ளைகள் அழுதன. பெற்றவர்கள் திட்டினார்கள். மேலாளர் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி மன்னிப்புக் கேட்டார். கமென்ட்ரி தேள் கொட்டின திருடனாக நின்றார். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அக்கா மட்டும் கண்ணாடியைக் கழட்டி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

காரில் திரும்பும்போது அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊர்க்காரர்கள் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். இவளுக்கு இன்னொரு கிரகணம் ஏது?

"நானும் பாக்கலக்கா" என்றார் திடீரென்று. "கண்ணாடி போட்டபடியேதான் இருந்தேன். நேரத்தைத் தப்பாக் கணக்குப் பண்ணிட்டேன்."

சொன்ன மறுகணமே உடம்பு கூசியது. ஆனால் சொல்லியாயிற்று.

அக்கா தடவிப் பார்த்து அவர் தோளைத் தொட்டாள்.

"போகட்டும் விடுடா. நமக்குக் குடுத்து வைக்கல. நான்கூடப் பரவால்ல. ராத்திரி பகலா இதுக்குன்னு உழைச்ச, உனக்கும் பாக்கக் கிடைக்காமப் போச்சே, அதான் எனக்கு மனசு ஆறல."

அந்தத் தோளில் கொள்ளிக்கட்டையை வைத்திருந்தாலும் தாங்கியிருப்பார். அடுத்த தெருத் திருப்பம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். அதற்கு மேல் முடியவில்லை. காரை ஓரமாக நிறுத்தினார்.

"அக்கா... நான் பாத்தேன்."

"தெரியும்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"கைக்கெட்டுற தூரத்துல நின்னு ஐயோ ஐயோன்னு அழுதியேடா. கண்ணுதான் போகுது, காது நல்லாத்தான் இருக்கு. நீ ஏதோ பாக்கிறன்னு தெரிஞ்சுச்சு. ஆனா கழட்டக் கூடாதுன்னு நீதான சொன்ன? தம்பி சொல்லுவான், இப்பச் சொல்லுவான்னு உக்காந்திருந்தேன்."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். அக்கா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"வண்டியை எடு" என்றாள். "எப்படி இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே வா. ஒண்ணு விடாமச் சொல்லணும்."

அவர் சொன்னார். கறுப்பு வட்டம், வெள்ளை ஒளி, கடைசியில் வெடித்த பொட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். பிழைப்பு நடத்திய வாய் அல்லவா, பேச்சு தடங்கலே இல்லாமல் வந்தது. அழகழகாக வந்தது. அப்படி வரவர அவருக்கு அந்த வாயைப் பிய்த்து எறிந்துவிடலாம் போலிருந்தது.