கூரை இருக்கும் வீடு

புயலுக்கு முன்னால் செய்யச் சொன்னதில் ஒன்றைக்கூடத் தையல்காரி விட்டுவைக்கவில்லை. குடங்களில் தண்ணீர் பிடித்தாள். மிஷினைக் கட்டில்மேல் ஏற்றினாள். வீட்டுப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். கூரைத் தகரத்தை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டு இறுக்கச் சொன்னதும் அவள்தான். புயல் போகிற போக்கில் கூரையோடு ஜன்னலையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று.

நிவாரண அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்ட குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கணக்கெடுக்க ஆள் வருவாரு. அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. கூரை போட்டுட்டீங்கன்னா சேதம் இல்லன்னு ஆயிடும்."

"வீட்ல கைக்குழந்தை இருக்குங்க. எப்ப வருவாரு?"

"இன்னைக்கும் வரலாம், நாளைக்கும் வரலாம்."

குழந்தை அவள் மகளுடையது. பிறந்து இன்னும் தலைகூட நிற்கவில்லை. அதன் மேல் பனி இறங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் தையல்காரியின் கணவருடைய அண்ணன் தன் பட்டறைத் தகரங்களைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அதன்பிறகு அந்த வீட்டில் நடந்தது பைத்தியக்காரத்தனம். இருட்டினால் கூரையை ஏற்றுவார்கள். விடிந்ததும் இறக்கிச் சந்தில் ஒளித்துவைப்பார்கள். தெருவில் பாதி வீடுகளில் இதே கூத்துதான்.

"பகல்ல கூரை இருந்தா கவர்மெண்டுக்குக் கோவம், ராத்திரி இல்லன்னா உங்கம்மாவுக்குக் கோவம். நான் யாரப் பாக்குறது?" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார் கணவர். சில நாளில் அந்தச் சிரிப்பும் நின்றது. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. பட்டறை திறக்க வேண்டும், நாளைக்குத் தகரம் வேண்டும் என்று அண்ணனும் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் வயிறு இருக்கிறது. நிவாரணம் வராவிட்டால் இந்த மழைக்காலம் முழுக்க வானம்தான் கூரை.

அன்று மத்தியானமே வானம் பொத்துக்கொண்டது.

"ஏங்க, போடுங்க! வந்தா வரட்டும், குழந்தை நனையுது!"

கணவர் கடைசித் தகரத்தின் மேல் கல்லை வைத்து இறங்கவில்லை, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கணக்கெடுப்பவர் தொப்பலாக நனைந்து உள்ளே ஓடிவந்தார். இத்தனை நாள் இவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்த ஆள், வந்த நேரத்தைப் பாருங்கள்! ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"நல்லவேளை, இங்கயாவது கூரை இருக்கு," என்று பையைத் திறந்தார்.

"சார், இது எங்களோடது இல்ல. கடன் வாங்கினது. நாளைக்குக் கொடுத்துடணும்."

"பொய்னு சொல்லலம்மா. ஆனா போட்டோ எடுக்கணும். போட்டோல கூரை தெரிஞ்சா மேல இருக்கிறவங்க என் பேச்சக் கேக்க மாட்டாங்க."

"அப்ப பிரிச்சுடறோம்."

"பிரிச்சா தாள் நனைஞ்சிடும். நனைஞ்ச தாள ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க. மழை விடட்டும்னு உக்காரவும் முடியாது. இன்னைக்கோட இந்தப் பகுதி முடியுது, இன்னும் ரெண்டு தெரு பாக்கி."

மோசமான மனிதரில்லை. சொல்லும்போது அவர் குரலும் இறங்கித்தான் போயிருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தையல்காரி கையைப் பிசைந்தாள். மகளைப் பார்க்கவே அவளுக்குத் தைரியமில்லை.

மகள்தான் எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அதற்குக் கீழே விரித்திருந்த ரப்பர் ஷீட்டை உருவி நீட்டினாள்.

"இத அவர் தலைக்கு மேல பிடிம்மா. அப்பா, பிரிங்க."

"ஏய், குழந்தை..."

"பிரிங்கப்பா!"

கணவர் அழுதுகொண்டே பிரித்தார். மழை வீட்டுக்குள் கொட்டியது. மகள் மூலையில் குனிந்து, குழந்தையை வயிற்றோடு இறுக்கி, முதுகை மழைக்குக் கொடுத்தாள். தையல்காரி ஷீட்டின் ஒரு முனையையும் கணவர் மறுமுனையையும் தூக்கிப் பிடிக்க, அதன் அடியில் கணக்கெடுப்பவர் போட்டோ எடுத்தார், பிறகு எழுதினார். தாளில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

"கையெழுத்துப் போடுங்க. கையத் துடைச்சுட்டு வாங்கம்மா, ஈரம் படக்கூடாது."

தன் முனையையும் கணவரிடம் கொடுத்துவிட்டுத் தையல்காரி சுற்றிலும் தேடினாள். பெட்டித் துணி, தைக்க வந்த துணி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தன. மூலைக்குப் போய் மண்டியிட்டாள். மகளின் வயிற்றுக்கடியில் கையை விட்டு, குழந்தையைச் சுற்றியிருந்த துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் உலர்ந்திருந்தது அது ஒன்றுதான். பிறகு வந்து கையெழுத்துப் போட்டாள்.