பெரட்டில் இன்னொரு குரல்

பன்னிரண்டு மணிக்குள் மருந்தடிப்புப் பாதுகாப்பு வீடியோவைப் பார்த்து முடித்து, கடைசியில் வரும் பத்துக் கேள்விகளுக்கும் பதில் சொல்லாவிட்டால், மருந்தடிக்கும் கும்பலை மேய்க்க நாளை முதல் சன்னாசி மண்டோர் இல்லை. மேலிடத்து உத்தரவு அப்படி. மலேசியாவில் பகாவ் நகரத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த எஸ்டேட் ஆபீசில், பத்தே முக்காலுக்கு அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். படம் வரவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டம்தான் வந்தது.

"என்னம்மா சொல்லுது?"

"பிளகின் போடச் சொல்லுதுண்ணே," என்றாள் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி திலகா.

சன்னாசி மேசைக்கு அடியில் குனிந்தார். ஒயரை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பிளக்கு கெட்டியாத்தான் இருக்கு லா."

திலகா வாயைப் பொத்திக்கொண்டாள். "அது சுவத்துல சொருகுறது இல்லண்ணே. கம்ப்யூட்டருக்குள்ள போடுற சாமான். ரொம்பப் பழசு. போன வருசம் அந்தப் பேருல எதையோ போட்டுத்தான் இந்தப் பொட்டி மூணு நாளு எந்திரிக்கல. நா போடமாட்டேன்."

"எம் மவ போனுல எல்லாப் படமும் ஓடுதே. அதுக்கு யாரு போட்டா?"

"போனுக்கு அது தேவையில்ல. ஆனா இங்க போனுக்கு லைன் எங்க…"

பாதியில் நிறுத்தினாள். சன்னாசி காத்திருந்தார். வாயடைத்த மௌனம் வேறு, வேலை செய்யும் மௌனம் வேறு என்பது அவருக்குத் தெரியும். இது இரண்டாவது வகை.

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். ஓரத்தில் விரிந்த பட்டியலில் ஏதோ ஒரு போனின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். பக்கம் ஒடுங்கி, மறுபடி வந்தது. முகமூடி அணிந்த ஓர் ஆள் மருந்துத் தோம்பை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.

"என்னம்மா செஞ்ச?"

"பொட்டிய, 'நா போனு'ன்னு சொல்ல வெச்சேன். அந்த வீடியோக்காரன் நம்பிட்டான்."

விடியலில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் முப்பது வருசப் பெரட்டில், வராத ஆளுக்காக வேறொருவன் கொடுத்த ஒரு குரலும் சன்னாசியின் காதைத் தாண்டியதில்லை. ஓர் இருமலிலேயே பிடித்துவிடுவார். இவளோ ஓர் இருமல்கூட இல்லாமல் காரியத்தை முடித்துவிட்டாள்.

பதினொன்றே முக்காலுக்குப் பத்தாவது கேள்வியும் முடிந்தது. தேறியிருந்தார்.

மறுநாள் விடியுமுன், பெரட்டுக் களத்தில் மாயாண்டியின் பெயரைக் கூப்பிட்டார். "இருக்கேன்," என்றது ஒரு மூக்குக்குரல்.

சன்னாசியின் பென்சில் நின்றது; அது மாயாண்டியின் குரல் இல்லை.

"தர்மேந்திரா, பத்தாது லா. ஆபீசுக்குப் போயி திலகாகிட்ட கத்துக்கிட்டு வா."